மாடல் ரயில் லேஅவுட்டின் கடைசி மாட்யூலில் 12 வோல்ட் பல்பு போட்டால் 9.4 வோல்ட்தான்: என்ன செய்யலாம்?

மாசச்சூசெட்ஸின் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனவரி கடைசி சனி, ஞாயிறு நடக்கும் மாடல் ரயில் ஷோவுக்கான லேஅவுட் இது. ஹெச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு), ஒன்றோடொன்று கோர்க்கும் 4 அடி பகுதிகள், அதாவது மாட்யூல்கள் 15, மொத்தம் 60 அடி. டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி இன்ஜினை ஓட்டும் முறை) பூஸ்டர், அதாவது தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி, 5 ஆம்பியர், ஒரு முனையில். லேஅவுட் நீளத்துக்கும் ஓடும் முக்கிய வயரான பஸ் வயர் 14 கேஜ், அதிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் சிறு வயரான ஃபீடர் 22 கேஜ்.

ஒத்திகையில் இரண்டு வாரமாக ஒரே தொல்லை. 10வது மாட்யூலைத் தாண்டினால் இன்ஜின் வேகம் குறைகிறது. இரண்டு இன்ஜின் சேர்ந்து இழுத்தால் சவுண்ட் நின்று மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. கடைசி மாட்யூலில் தண்டவாளத்தின் குறுக்கே 25 சென்ட் நாணயம் வைத்து வேண்டுமென்றே ஷார்ட் செய்தாலும் பூஸ்டர் ட்ரிப் ஆவதில்லை (மின்சாரத்தைத் தானே நிறுத்துவதில்லை). இதுதான் பயம்: ஷார்ட் ஆனால் சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகிவிடும்.

சும்மா அளந்தால் எல்லா இடத்திலும் 14.1 வோல்ட். கார் பின்விளக்கு பல்பை (21 வாட்) கடைசியில் மாட்டி அளந்தால் 9.4, 8வது மாட்யூலில் 11.8. வயருக்கு மட்டும் அரை வோல்ட்தான் போகணும். மீதி மாட்யூல்களுக்கு நடுவே பஸ் வயரை இணைக்கும் 14 கனெக்டர் ஜோடிகளிலும் சுமார் 0.3 வோல்ட் வீதம் போகிறது.

தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தாயிற்று. பூஸ்டர் மாற்றியும் அதே ரீடிங். ஃபீடர் சால்டரிங் எல்லாம் கெட்டி. கனெக்டர் முனைகள் மட்டும் சாதாரண பிளையரால் நசுக்கியவை, சந்தேகம் அங்கேதான்.

வெள்ளிக்கிழமை ஹாலில் பொருத்தணும். அதற்குள் 14 ஜோடியையும் சரியான கிரிம்பிங் டூலில் புதிதாகப் போடுவதா, பூஸ்டரை 8வது மாட்யூலுக்கு நகர்த்தினாலே நாணயச் சோதனை தேறுமா?