கலூஃப் கடற்கரையில் கூடாரம்: போய் வந்தவர்கள் சொன்னவை

ரூவிவாசி:

வணக்கம். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மாலை அலுவலகம் முடிந்ததும் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, கலூஃப் கிராமத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் வெள்ளை மணல்மேடுகளில் இரண்டு இரவுகள் கூடாரமிட்டுத் தங்கி, சனிக்கிழமை இரவு வீடு திரும்புவதென்று இரண்டு குடும்பங்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். இரண்டு ஃபோர் வீல் வண்டிகள், நான்கு பெரியவர்கள், மூன்று குழந்தைகள். வாஹிபா பாலைவன மணலில் இரண்டு முறை ஓட்டிய பழக்கம் உண்டு. கடலோர மணலில் ஓட்டியதில்லை. என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும் என்ற பட்டியல் எங்களிடம் ஏற்கெனவே மூன்று பக்கத்துக்கு இருக்கிறது. அங்கே உங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொன்னால் அதைவிடப் பயனாக இருக்கும்.

பழைய பஜேரோ:

எங்களிடமும் மூன்று பக்கப் பட்டியல் இருந்தது. கரி, அடுப்பு, இறைச்சி ஊறவைத்த டப்பா, பிள்ளைகளுக்குக் காற்றாடி என்று எதையும் விடவில்லை. ஓதம், அதாவது கடல் நீர் மட்டம், எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்பதை மட்டும் எங்கள் நான்கு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. வாஹிபா மணலில் பழகியவர்களுக்கு இந்த மறதி இயல்பாகவே வரும், ஏனெனில் அங்கே மணல் நம்மைக் காத்திருக்க விடும். கலூஃபில் கடல் விடாது.

இஸ்கி, சினாவ், ஹிஜ் வழியாக ஏறத்தாழ 450 கிலோமீட்டர் ஓட்டி, கிராமத்தை நாங்கள் அடைந்தபோது மாலை நான்கு மணி. கிராமம் வரை நல்ல தார்ச்சாலைதான். அதற்கப்பால் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் ஈரம் படிந்து இறுகிக் கிடக்கும் மணல்தான் சாலை. மீனவர்களின் பிக்அப் வண்டிகள் அதில் நெடுஞ்சாலையில் செல்வதுபோலச் செல்லும். நாங்கள் இறங்கியபோது ஓதம் ஏறத் தொடங்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கரை மிகவும் தட்டையாக இருப்பதால் நீர் மட்டம் சிறிது உயர்ந்தாலே அகலத்தில் நிறைய இடத்தை விழுங்கிவிடுகிறது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது கிலோமீட்டரில் ஓட்டுவதற்கு மிஞ்சியிருந்தது ஒரு வண்டி அகலம்தான்.

முன்னால் சென்ற நண்பர் ஓர் அலையிலிருந்து விலகுவதற்காக மேட்டுப் பக்கம் திருப்பினார். அங்கே உலர்ந்த மணல், சர்க்கரைபோல உதிரி, வண்டி நின்றுவிட்டது. பின்னுக்கு எடுக்க முயன்றதில் பின்சக்கரங்கள் ஈரமணலுக்குள் வந்து அமர்ந்தன. அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஒவ்வோர் அலையும் சக்கரத்தைச் சுற்றிச் சுழன்று, திரும்பிப் போகும்போது அடியிலிருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போனது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே வண்டி தாழ்ந்துகொண்டிருந்தது; மிதித்தபோது இன்னும் வேகமாகத் தாழ்ந்தது.

கிராமத்துப் பக்கமிருந்து பழைய லேண்ட் குரூசர் பிக்அப் ஒன்றில் வந்த ஒரு முதியவர்தான் இழுத்துவிட்டார். இழுப்பதற்கு முன் கீழே குனிந்து எங்கள் டயரைக் கையால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். நாங்கள் 25 பிஎஸ்ஐ வரை காற்றை இறக்கியிருந்தோம், அதுவே தாராளம் என்ற நினைப்பில். அவர் ஒரு குச்சியை எடுத்து வால்வில் குத்தி, பக்கவாட்டு ரப்பர் புடைக்கும் வரை நான்கு சக்கரங்களிலும் காற்றை இறக்கினார். பிறகு அளந்து பார்த்தபோது 15 இருந்தது. டயர் தட்டையாகி நீளமாகத் தரையில் பதிவதால் எடை பரவுகிறது, வண்டி மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதந்து செல்கிறது என்பதை நாங்கள் காணொளிகளில் பார்த்திருந்தோம். அவர் குச்சியால் காட்டியபோதுதான் புரிந்தது. பணம் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழங்களை மட்டும் வற்புறுத்திக் கொடுத்தோம்.

ஆகவே உங்கள் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது வியாழன் இரவு என்பதைத்தான். மாலை புறப்பட்டால் நள்ளிரவை ஒட்டித்தான் கலூஃப் சேர்வீர்கள். சினாவுக்குப் பிறகு அந்தச் சாலையில் ஒட்டகங்கள் இருட்டில் குறுக்கே நிற்கும். அதன் கால்கள் உயரமானவை என்பதால் மோதினால் உடல் நேராகக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். அதைத் தப்பினாலும், அறியாத கரையில், தெரியாத ஓதத்தில், மூன்று குழந்தைகளோடு இரவில் இறங்குவதை நான் திட்டம் என்று ஏற்க மாட்டேன். முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள். வற்றத்துக்கு, அதாவது கடல் முழுக்க வற்றியிருக்கும் நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் முன்பு கரையில் இறங்குவதாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி மஸ்கட்டில் புறப்படும் நேரத்தைக் கணக்கிடுங்கள். திரும்பும் நாளுக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும், ஏனெனில் ஓதம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும்.

உள்ளான்:

நான் பறவை பார்ப்பதற்காகச் செல்பவன். கலூஃபுக்கு வடகிழக்கே உள்ள பர் அல் ஹிக்மானுக்கு ஐந்து குளிர்காலங்களாகப் போய் வருகிறேன். அந்த ஈரநிலப் பகுதி 2014ஆம் ஆண்டு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சைபீரியப் பக்கமிருந்து லட்சக்கணக்கில் வந்து இறங்கும் உள்ளான்களும், நம் மன்னார் வளைகுடாவிலும் குளிர்காலத்தில் தென்படும் நண்டு தின்னிகளும் அங்கே சேற்றுவெளியில் மேய்வதைக் கண்டால், அருகில்தானே இருக்கிறது, எட்டிப் பார்த்துவிடலாம் என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றட்டும். ஆனால் என் முதல் பயணத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த நிலத்தை அரபியில் சப்கா என்பார்கள். மேலே உப்பும் ஜிப்சமும் காய்ந்து கட்டிய ஓடு. கீழே கடல் நீர் ஊறிய களிச்சேறு. மேலோட்டில் மனிதன் நடக்கலாம், ஓடலாம், குதிக்கவும் செய்யலாம். இரண்டரை டன் வண்டியை அது ஏற்காது. நான் இறங்கி நடந்து சோதித்துவிட்டுத்தான் ஓட்டினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். பழைய தடம் வளைந்து வளைந்து சென்றது. கைப்பேசி வரைபடத்தில் நேர்கோடாகப் போனால் நான்கு கிலோமீட்டர் மிச்சமாகும்போலத் தோன்றியது. தடத்தை விட்டு விலகி இருநூறு மீட்டர்கூடப் போகவில்லை, முன்சக்கரங்கள் மேலோட்டை உடைத்துக்கொண்டு அச்சு வரை இறங்கின. ஜாக்கியை வைத்தால் ஜாக்கியும் இறங்கியது; அதற்கு அடியில் வைத்த பலகையும் இறங்கியது. இரண்டாவது வண்டி உதவிக்கு நெருங்கி வந்திருந்தால் அதுவும் புதைந்திருக்கும். நல்லவேளையாக அதை ஓட்டியவர் கெட்டியான தடத்திலேயே நின்று, இரண்டு கயிறுகளை முடிந்து இழுத்தார். ஐந்து மணி நேரம் ஆயிற்று. பறவைகள் எங்களைச் சிறிதும் பொருட்படுத்தவில்லை.

அந்தத் தடம் ஏன் வளைகிறது என்பதை அதை முதலில் போட்டவர் அறிவார். முன்னால் போன சக்கரத் தடத்தில் மட்டும் செல்லுங்கள், நிறம் கருத்து ஈரமாகத் தெரியும் இடத்துக்கு முன்பே நின்றுவிடுங்கள். முதல் தடவை குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் பர் அல் ஹிக்மானை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

நாகர்கோவில்காரன்:

வண்டி ஓட்டுவதைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். கூடாரம் எங்கே அடிப்பது என்பதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். காய்ந்த கடற்பாசியும் கணவாய் ஓடும் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைத் தாண்டி இருபதடி மேலே இடம் பார்த்து, அதற்கு மேல் கடல் வராது என்ற நம்பிக்கையில் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தோம். வலை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நால்வரில் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரர். கூலிக்கு மீன்பிடிக்க ஓமானுக்கு வந்து ஒன்பது ஆண்டுகளாம்.

“மக்களே, இங்க போடாதீங்க. நாளைக்கி அமாவாசை. ராத்திரி வெள்ளம் அந்தா அது வரைக்கும் ஏறும் பாத்துக்கிடுங்க” என்று எங்களுக்குப் பின்னால் கை காட்டினார். திரும்பிப் பார்த்தால், நாங்கள் கவனிக்காத இரண்டாவது கோடு ஒன்று நாற்பதடி தள்ளி மங்கலாகக் கிடந்தது. வெயிலில் வெளுத்துப் பொடிந்த கணவாய் ஓடுகள், ஊரில் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பார்களே, அவைதான். புதிய கோடு நேற்றைய ஓதம் விட்டுச் சென்றது. பழைய கோடு அமாவாசை, பௌர்ணமி ஓதம் விட்டுச் சென்றது. கூடாரத்தைப் பிடுங்கி அதற்கும் மேலே கொண்டுபோனோம். விடிந்து பார்த்தபோது, முதலில் நாங்கள் தேர்ந்த இடம் ஈரமாக, வழுவழுவென்று இருந்தது. அவர் கொடுத்த இரண்டு மீன்களுக்குப் பதிலாக எங்களிடமிருந்த புளியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தோம்; மிளகாய்ப்பொடியைத்தான் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று: கூடார முளைகள் அந்த மணலில் நிற்காது. பிற்பகல் கடற்காற்று எழுந்ததும் எங்கள் இரண்டாவது கூடாரம் உருண்டு போயிற்று. வீட்டில் சேரும் பாசுமதி அரிசிப் பைகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, அங்கே மணலை நிரப்பிக் கயிற்றில் கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்துவிடுங்கள்; அசையாது. அதிகாலையில் பனி கூடாரத்தை நனைத்துவிடும் என்பதால் செருப்பையும் அடுப்பையும் வெளியே விடாதீர்கள். செருப்பு விஷயத்தில் நரிக்கும் பங்கு உண்டு.

பழைய பஜேரோ:

ஒன்றை மறந்துவிட்டேன். இழுக்கும்போது டிரெய்லர் மாட்டும் குண்டில் கயிற்றைக் கோக்காதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டுபோலப் பின்னால் வரும். ஆள் பிழைக்க மாட்டார். வண்டிச் சட்டத்தில் இழுப்பதற்கென்றே உள்ள கொக்கியில் மட்டும் ஷாக்கிளை (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்) போட்டு, கயிற்றின் நடுவில் ஈரப் போர்வை ஒன்றைப் போட்டுவிட்டு, குழந்தைகளை வெகு தூரத்தில் நிறுத்திய பிறகு இழுங்கள். மணலில் பெட்ரோல் ஏறக்குறைய இரு மடங்கு செலவாகும் என்பதால் ஹிஜ்ஜில் முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர், அதற்கு மேல் ஒரு நாளைக்கு உபரி. திரும்பி வந்ததும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். நான் ஒரு வாரம் தள்ளிப்போட்டதில் பிரேக் குழாய் துருப்பிடித்துக்கொண்டது.

ரூவிவாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இரண்டு குடும்பமும் உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தினோம். வியாழன் மாலைப் புறப்பாடு இல்லை. வற்றம் முற்பகல் பதினொன்றரை மணியை ஒட்டி வரும் ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்து, அன்று அதிகாலை மூன்றரை மணிக்குக் கிளம்பி, நன்கு விடிந்த பிறகே சினாவைத் தாண்டி, பத்து மணிக்குக் கலூஃபில் காற்றை இறக்குவதாக இருக்கிறோம். மறுநாள் வற்றம் பன்னிரண்டேகாலுக்கு வருகிறது. பதினொரு மணிக்கே கரையை விட்டு வெளியேறி, கிராமத்தில் கம்ப்ரசரால் காற்றை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சினாவை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். அதனால் இரண்டு இரவு ஓர் இரவாகக் குறைந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வருத்தம்தான். பர் அல் ஹிக்மானை என் மனைவி பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். அரிசிப் பைகள் இதுவரை ஆறு சேர்ந்திருக்கின்றன. நால்வர் படுக்கும் கூடாரத்துக்கு எத்தனை போதும்?

நாகர்கோவில்காரன்:

ஒரு கூடாரத்துக்கு எட்டு. இரண்டு குடும்பம் என்றால் இப்போதிருந்தே பிரியாணி செய்யத் தொடங்குங்கள்.