ஸ்கீன்ஸா, மெரிலா: சிறந்த புதுமுக விருது எதை அளக்கிறது?

கேள்வி: சான்டியேகோ கரையோரம்

அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தளமான மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகில், 2024ஆம் ஆண்டின் சிறந்த புதுமுக விருது பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸுக்குச் சென்றதை நான் இன்னும் முழுமனத்தோடு ஏற்கவில்லை. நான் சான்டியேகோ பாட்ரேஸ் அணியின் ரசிகன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே என் கணக்கில் சாய்வு இருக்கக்கூடும்.

ஸ்கீன்ஸ் மே 11 அன்றுதான் முதன்முறையாக மேஜர் லீகில் பந்தெறிந்தார். மொத்தம் 23 ஆட்டங்கள், 133 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்). எங்கள் பாட்ரேஸ் அணியின் மட்டையாளர் ஜாக்சன் மெரிலோ சீசனின் முதல் நாளிலிருந்து களத்தில் நின்று 156 ஆட்டங்கள் ஆடினார். 24 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பது), தம் அடியால் அணிக்குக் கொண்டுவந்த 90 ரன்கள், .292 அடிச் சராசரி என்பவை அவருடைய கணக்கு. சிறுவயது முதல் உள்மைதானத் தடுப்பாளரான ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்த இருபது வயதுப் பையனை வசந்தகாலப் பயிற்சியின்போது சென்டர் ஃபீல்டுக்கு, அதாவது வெளிமைதானத்தின் நடுப்பகுதிக்கு, மாற்றினார்கள். அவர் அதையும் சமாளித்து, பிளே-ஆஃப் வரை சென்ற ஓர் அணியின் தூணாக இருந்தார்.

இதைப் பற்றி வாதிட்டபோது நண்பர் ஒருவர், "பத்தாண்டு கழித்துப் பார், ஸ்கீன்ஸ்தான் பெரிய ஆளாக இருப்பார், எனவே விருது சரியான கைக்கே போயிருக்கிறது" என்றார். அந்த வாதம்தான் என்னை இங்கே எழுத வைத்தது. இந்த விருது ஒருவர் அந்த ஆண்டில் செய்து முடித்ததற்கா, அல்லது அவரிடம் தென்படும் எதிர்காலத்துக்கா? வாக்களிப்பவர்களுக்கு இதில் ஏதேனும் வரையறை உண்டா?

பதில் 1: பழைய கையுறை

உங்கள் நண்பரின் வாதத்தை விருதின் வரலாறே ஏற்காது.

அமெரிக்க பேஸ்பால் எழுத்தாளர் சங்கம் 1947இல் முதல் விருதை ஜாக்கி ராபின்சனுக்கு வழங்கியது. 1987 முதல் விருதே அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு லீகுகளுக்கும் சேர்த்து ஒரே விருதாக இருந்தது, 1949இலிருந்து லீகுக்கு ஒன்றாகப் பிரிந்தது. 2024இல் ஒவ்வொரு லீகிலும் 30 எழுத்தாளர்கள் தலா மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுதினார்கள்; முதல் இடத்துக்கு 5 புள்ளி, இரண்டாவதற்கு 3, மூன்றாவதற்கு 1. நீங்கள் குறிப்பிடும் ஆண்டில் 23 பேர் ஸ்கீன்ஸையும் 7 பேர் மெரிலையும் முதலில் எழுதினார்கள். இறுதிக் கணக்கு 136க்கு 104. கூட்டிப் பார்த்தால், முப்பது பேரில் ஒருவர்கூட இந்த இருவரைத் தவிர வேறொருவரை முதல் இரண்டு இடங்களில் வைக்கவில்லை என்பது தெரியும். எனவே அந்த எழுவரும் உங்களைப் போலவே நினைத்தார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம்.

யார் புதுமுகம் என்பதற்கு வரையறை உண்டு. முந்தைய ஆண்டுகளில் மட்டையாளர் 130 அட்-பேட்டையோ (மட்டை பிடித்த முறைகள்), பந்தெறிவாளர் 50 இன்னிங்ஸையோ தாண்டியிருக்கக் கூடாது. அணிப் பட்டியலில் இருந்த நாள்களுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆனால் அந்த ஆண்டில் குறைந்தது இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1959இல் வில்லி மெக்கோவி ஜூலை இறுதியில்தான் சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு வந்தார், ஆடியது வெறும் 52 ஆட்டங்கள்; ஆனாலும் ஒருமனதாக விருதை வென்றார். அந்த அளவுகோலில் பார்த்தால் 23 முறை தொடக்கப் பந்தெறிவாளராக இறங்கிய ஸ்கீன்ஸ் ஏறக்குறைய முழு ஆண்டு உழைத்தவர்.

எதிர்காலத்தை அளக்கும் விருதாக இது இருந்திருந்தால் 1954 என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டு நேஷனல் லீகில் வென்றவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் வாலி மூன். இரண்டாம் இடம் எர்னி பேங்க்ஸ். நான்காம் இடத்தில் இருந்தவர் ஹென்றி ஆரன்! பின்னாளில் 755 ஹோம் ரன் அடித்த மனிதர் அவர். இன்றைய கண்ணோடு பார்ப்பவர்கள் அந்த வாக்காளர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. ஆரன் அந்த ஆண்டு 13 ஹோம் ரன் அடித்து, செப்டம்பரில் கணுக்கால் முறிந்து வெளியேறினார்; மூனோ .304 சராசரியோடு ஆண்டை முடித்தார். கண் முன்னே நடந்ததற்குத்தான் அவர்கள் வாக்களித்தார்கள், அது சரியான தீர்ப்பு.

பதில் 2: இடதுகைக்காரன்

பந்தெறிவாளரையும் மட்டையாளரையும் ஆட்ட எண்ணிக்கையை வைத்து ஒப்பிடுவது, நெல்லையும் எண்ணெயையும் ஒரே படியில் அளப்பதற்குச் சமம். ஸ்கீன்ஸ் அந்த 133 இன்னிங்ஸில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மட்டையாளர்களை எதிர்கொண்டார். மெரில் ஆண்டு முழுவதும் மட்டையோடு நின்றது ஏறத்தாழ அறுநூறு முறை. பந்துக்கும் மட்டைக்கும் இடையிலான மோதல்களை மட்டும் எண்ணினால் இருவருக்கும் உள்ள இடைவெளி, 23க்கும் 156க்கும் உள்ளதைப் போல அவ்வளவு பெரியதல்ல என்பது விளங்கும். மெரிலுக்குச் சாதகமாக எஞ்சுவது அவர் நாள்தோறும் சென்டர் ஃபீல்டில் ஓடிப் பிடித்த பந்துகள்தாம். அவற்றின் மதிப்பை நான் குறைக்கவில்லை.

அந்த மோதல்களில் ஸ்கீன்ஸ் செய்தது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.96, ஸ்ட்ரைக்-அவுட் (மட்டையாளரைப் பந்தாலேயே வெளியேற்றுவது) 170. மணிக்கு நூறு மைல் வேகத்தை அடிக்கடி தொடும் நேர்ப்பந்து ஒரு பக்கம் இருக்க, சிங்க்கர், ஸ்ப்ளிட்டர் என்ற இரு பந்து வகைகளும் கலந்தாற்போல் கடைசி நொடியில் கீழே விழும் 'ஸ்ப்ளிங்க்கர்' என்ற பந்துதான் மட்டையாளர்களைத் திணறடித்தது. மேஜர் லீகுக்கு வந்த இரண்டே மாதத்தில், இரு லீகுகளின் சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் நேஷனல் லீகின் முதல் பந்தை எறியும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. இதில் எதுவும் 'எதிர்காலம்' அல்ல. எல்லாமே அந்த ஆண்டில் நடந்து முடிந்தவை.

பந்தெறிவாளராக அவர் பெயரில் பதிவான 11 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கை மட்டும் நான் வாதத்தில் சேர்க்க மாட்டேன். மறுஆண்டு 1.97 என்ற சராசரியோடு ஒருமனதாகச் சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதை வென்றபோது அவருடைய கணக்கு 10 வெற்றி, 10 தோல்வி! அவருக்காக ரன் எடுக்க வேண்டிய பைரட்ஸ் மட்டையாளர்களைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது.

பதில் 3: மைனர் லீக் மாலைகள்

முந்தைய இரண்டு பதில்களோடும் எனக்கு உடன்பாடே. ஆயினும் கேள்வியில் உள்ள "பத்தாண்டு கழித்துப் பார்" என்ற சொற்றொடரைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. வளரும் வீரர்களைப் பற்றி ரசிகர்கள் கட்டும் கோட்டைகளில் பாதி அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

அணிகளுக்காகத் திறமை தேடும் ஸ்கவுட்டுகள் ஒரு வீரரை 20 முதல் 80 வரையான அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். பந்தை மட்டையில் சந்திக்கும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், தடுப்பு, எறியும் கை என்று ஐந்துக்கும் தனித்தனி எண். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொன்றுக்கும் இன்றைய எண் ஒன்று, அவர் வளர்ந்து எட்டக்கூடிய எண் மற்றொன்று என இரண்டு எழுதுவார்கள். ரசிகர்களாகிய நாம் இரண்டாவது எண்ணை மட்டும் படித்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்புகிறோம்.

அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1991இல் யாங்கீஸ் அணி முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த பிரையன் டெய்லர் என்ற இடதுகைப் பந்தெறிவாளர் ஒரு கைகலப்பில் தோளைச் சிதைத்துக்கொண்டு, மேஜர் லீகில் ஒரு பந்துகூட எறியாமலே ஆட்டத்தை விட்டார். 1988 டிராஃப்டின் 62ஆவது சுற்றில், 1,389 பேருக்குப் பிறகு அழைக்கப்பட்ட மைக் பியாஸா 1993இல் சிறந்த புதுமுகமாகி, பின்னர் பேஸ்பாலின் மாபெரும் வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்தார். 2013இல் இளம் வீரர்களின் முன்னணிப் பட்டியல்களில் முதலிடம் பெற்ற ஜூரிக்சன் புரோஃபார் ஆல்-ஸ்டார் ஆனது 2024இல், தம் 31ஆவது வயதில், அதுவும் உங்கள் பாட்ரேஸ் அணியில்.

விருதே கையில் இருந்தாலும் உறுதியில்லை. கிளீவ்லாந்தின் ஜோ சார்பனோ 1980இல் 23 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் விருதைப் பெற்றார். மறுஆண்டு முதுகுவலி தொடங்கியது, வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து அவர் ஆடியது 201 ஆட்டங்கள். டெட்ராய்ட்டின் மார்க் ஃபிட்ரிச் 1976இல் பந்தோடு பேசிக்கொண்டே 19 வெற்றிகளையும் 24 முழு ஆட்டங்களையும் எறிந்து முடித்து நாட்டையே கவர்ந்தார்; அதன் பிறகு முழங்காலும் தோளும் கைவிட, அவருடைய மொத்த வெற்றிகள் 29இல் நின்றுவிட்டன. 1998இல் ஒரே ஆட்டத்தில் 20 ஸ்ட்ரைக்-அவுட் எடுத்த கெர்ரி வுட், அடுத்த ஆண்டு முழுவதையும் முழங்கை அறுவை சிகிச்சையில் கழித்தார்.

ஆகவே எதிர்காலத்தை வைத்துத்தான் வாக்களிக்க வேண்டும் என்று நண்பர் வற்புறுத்துவாரானால், அவருடைய தர்க்கப்படியே மெரிலுக்கு அல்லவா வாக்களித்திருக்க வேண்டும்? நூறு மைல் வேகத்தில் எறியும் கையைவிட, சென்டர் ஃபீல்டில் ஓடும் இருபத்தொரு வயதுக் கால்களை நம்பிப் பத்தாண்டுக்குப் பணம் கட்டுவது பாதுகாப்பானது. ஸ்கீன்ஸின் கை நூறாண்டு நலமாக இருக்கட்டும். நான் சொல்வது பொதுக் கணக்கை மட்டுமே.

பதில் 4: சியாட்டில் மழை

இங்கே யாரும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. இப்போது இந்த விருது வெறும் கேடயம் அல்ல.

ஒரு வீரருக்கு 172 நாள்கள் சேர்ந்தால்தான் ஓர் ஆண்டுப் பணிக்காலமாகக் கணக்கிடப்படும். ஆறு ஆண்டுகள் நிறைந்தால் அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்டை ஏப்ரல் 17 வரை கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகிலேயே நிறுத்திவைத்தது. அவருக்கு 171 நாள்கள் சேர்ந்தன. ஒரே ஒரு நாள் குறைவு! அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர்தான் என்றாலும், அந்த ஒரு நாளால் அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப்போனது. அவர் தொடுத்த முறையீடும் 2020இல் தள்ளுபடியானது.

இத்தகைய தந்திரத்தைத் தடுக்கவே 2022 ஒப்பந்தத்தில் புதிய விதி வந்தது. முன்னணி இளம் வீரர் பட்டியல்களில் இருந்தவர் இந்த விருதுக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தால், எப்போது மேலே அழைக்கப்பட்டிருந்தாலும் முழு ஆண்டுப் பணிக்காலம் கிடைக்கும். மே மாதத்தில் வந்த ஸ்கீன்ஸ் அப்படித்தான் ஓராண்டைச் சம்பாதித்தார், பைரட்ஸ் ஓராண்டை இழந்தது. மாறாக, அத்தகைய வீரரைத் தொடக்கம் முதலே வைத்திருந்து அவர் விருதையும் வென்றால், அணிக்கு டிராஃப்டில் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும். எங்கள் சியாட்டில் மரினர்ஸ் அணி ஹூலியோ ரோட்ரிகெஸ் மூலம் அதைப் பெற்றது.

அதாவது செய்தி எழுத வேண்டியவர்கள், தாங்கள் எழுதும் மனிதரின் சம்பளத்தையே தீர்மானிக்கிறார்கள். அவர்கள் தனிப்பட்ட கொள்கைகளை வாக்கில் புகுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2003 சாட்சி. ஜப்பானில் பத்து சீசன் ஆடியவரைப் புதுமுகமாகக் கருத முடியாது என்று இரண்டு எழுத்தாளர்கள் ஹிதேகி மட்சுயியின் பெயரையே விட்டுவிட்டார்கள். விதியோ அவரைப் புதுமுகம் என்றே சொன்னது. ஏஞ்சல் பெரோவா 88க்கு 84 என்ற கணக்கில் வென்றார். அந்த இருவரும் மட்சுயியை இரண்டாம் இடத்தில் எழுதியிருந்தால் முடிவே மாறியிருக்கும். இரண்டாண்டு முன்பு இதேபோல் ஜப்பானிலிருந்து எங்கள் மரினர்ஸுக்கு வந்த இச்சிரோவுக்கு விருது கொடுத்தபோது இந்தக் கொள்கை எங்கே போயிருந்தது என்று எங்கள் ஊரில் இன்றும் கேட்பார்கள்.

சான்டியேகோ கரையோரம் (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. ஆட்ட எண்ணிக்கையை வைத்து நான் செய்த ஒப்பீட்டைத் திரும்பப் பெறுகிறேன். இடதுகைக்காரன் சொன்ன ஐந்நூறும் அறுநூறும் என் வாதத்தின் முதுகெலும்பை முறித்துவிட்டன. மெக்கோவியின் 52 ஆட்டங்களும் எனக்குப் புதிய செய்தி.

எனினும் வாக்குச்சீட்டு என் கையில் இருந்திருந்தால் நான் எட்டாவது ஆளாக மெரிலைத்தான் எழுதியிருப்பேன். பழக்கமில்லாத ஓர் இடத்தை ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டு அங்கே 156 நாள் நிற்பதன் கடினம், ஓட்டச் சராசரியைப் போல ஒரே எண்ணில் அடங்குவதில்லை. நண்பரிடம் சார்பனோவின் கதையை இன்றிரவு சொல்லப் போகிறேன். அவர் கிளீவ்லாந்துக்காரர், ஆகவே சற்று மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.