மலை இல்லாத காவிரிப் படுகையில் மலையேற்றப் பழக்கத்தைத் தொடர்வது எப்படி?

கேள்வி: கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி

வணக்கம். திருமணமான நாள் முதல் கோயம்புத்தூரில் வசித்த நாங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே கட்டுச்சோற்றுடன் கிளம்பிவிடுவோம். மருதமலை, அநுவாவி, நாள் வாய்த்தால் கோத்தகிரிப் பக்கம் என்று ஏதாவது ஒரு மலையில் நடந்துவிட்டுத்தான் வீடு திரும்புவோம். வாரம் முழுவதும் அலுவலகமும் சமையலறையுமாகக் கழியும் எங்கள் வாழ்க்கையில், இருவரும் மனம்விட்டுப் பேசும் பொழுது அதுதான்.

கணவருக்குக் கும்பகோணத்துக்கு மாற்றலாகிவிட்டது. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல்தான். வாராவாரம் கொல்லிமலைக்கோ பச்சைமலைக்கோ போகலாம் என்கிறார் அவர். போக்குவரத்திலேயே நாளின் பெரும்பகுதி கழிந்துவிடுவதோடு, மலையிறங்கும்போது எனக்கு முழங்கால் வலியும் வரத் தொடங்கியிருக்கிறது. ஆற்றங்கரையில் நடக்கலாமே என்றால், சமதரையில் நடப்பது உடலுக்கு ஒரு வேலையே அல்ல என்கிறார். இந்தப் பகுதியில் தம்பதியாக நடந்து பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: திருவையாற்றுக்காரர்

அம்மா, தங்கள் கணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கம் அழைத்து வாருங்கள். சித்திரை மாதத்து ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பர் பல்லக்குச் செல்லும் வழி ஒன்று இருக்கிறது. திருவையாற்றில் தொடங்கி, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஊர்களைச் சுற்றிக்கொண்டு மீண்டும் திருவையாற்றுக்கே வரும் அந்த வழியில், காவிரியையும் குடமுருட்டியையும் கடந்து, வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே நடக்க வேண்டும். பொதிமூட்டையோடு இதைச் சுற்றி வந்தவர் எவரும் சமதரை நடையை எளிது என்று சொல்லமாட்டார். இங்கே ஏற்றம் இல்லையே தவிர, நிழலில்லாத கரைகளில் வெயிலும் தூரமும் உண்டு. முதல் முறையே ஏழூரையும் முடிக்க வேண்டியதில்லை. கண்டியூர் வரை நடந்துவிட்டுப் பேருந்தில் திரும்பலாம்.

எங்கள் நடை ஆற்று நீரைப் பொறுத்தது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு, ஜனவரி 28-இல் மூடப்படும். நீர் ஓடும் மாதங்களில் கரைமேல் மட்டும் நடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டல் மண் வழுக்கும், புல்லுக்குள் பாம்பும் இருக்கும். அணை மூடிய பின், மாசி முதல் வைகாசி வரை, வற்றிய ஆற்று மணலிலேயே விடியற்காலையில் நடக்கலாம். கால் புதையும் மணலில் ஒரு மணி நேரம் நடந்தாலே கெண்டைக்கால் வலி எடுக்கும். தங்கள் கணவர் தேடும் உழைப்பு அங்கே கிடைக்கும். கொள்ளிடத்தில் மட்டும் எந்தக் காலத்திலும் முன்பின் தெரியாத இடத்தில் தண்ணீருக்குள் இறங்காதீர்கள். மணல் எடுத்த பள்ளங்கள் மேலே பார்த்தால் தெரியாது.

பதில்: தஞ்சாவூரிலிருந்து ஒருவர்

ஆற்றங்கரை நடையை நானும் விரும்புகிறவன்தான். ஆனாலும் மலையேறிப் பழகியவருக்கு உயரத்தின் மீதுள்ள ஆசையைக் கரை தீர்க்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்காகக் கொல்லிமலை வரை போகத் தேவையில்லை. திருச்சி – புதுக்கோட்டைச் சாலையை ஒட்டிய நார்த்தாமலையில் மொட்டைப் பாறைகள்மீது ஏறி, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த விசயாலய சோழீச்சரத்தை அடையலாம். அதே பக்கத்துச் சித்தன்னவாசலில், பாறையில் வெட்டிய படிகளின் வழியே ஏழடிப்பட்டம் என்ற குகைக்குப் போனால், சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. குளித்தலைக்கு அருகிலுள்ள ஐயர்மலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இருப்பதால், அதைத் தங்கள் முழங்கால் தேறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாறைகள் சூடேறும் பங்குனி, சித்திரையில் இந்த மலைகள் வேண்டாம்.

மலையிறங்கும்போது முழங்காலில் விழும் பாரம் ஏறும்போது விழுவதைவிட அதிகம். ஆகவே வலியை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, தொடைத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்குங்கள். இறங்கும்போது ஊன்றுகோலைப் பயன்படுத்தி, சிற்றடி வைத்து வாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பாறைக்கு, மற்றவை கரைக்கு என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு.

பதில்: வேதாரண்யத்திலிருந்து ஓர் ஆசிரியை

சகோதரி, எங்கே நடப்பது என்பதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். யாருடைய வேகத்தில் நடப்பது என்பதைத்தான் நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். முன்னால் போகிறவர் அரை மைல் போய் நின்று, பின்னால் வருகிறவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பினால், களைத்தவருக்குக் கடைசிவரை ஓய்வே கிடைக்காது. இருவருக்கும் பேச்சும் இருக்காது. எங்கள் வீட்டில் மெதுவாக நடப்பவர்தான் முன்னே நடப்பார். பேசுவதற்காகவே நடக்கிறீர்கள் என்றால், இந்த ஒன்றைத் தங்கள் கணவரிடம் வெளிப்படையாகக் கேட்டுப் பெறுங்கள்.

தம்பதியாகக் கரையில் நடந்தால், வண்டி பழுதாகிவிட்டதா, யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்காமல் இங்கே யாரும் விடமாட்டார்கள். அது விசாரிப்புதான், வேறொன்றுமில்லை. நின்று பதில் சொன்னால் அடுத்த மதகு வரை குறுக்குவழியும் சொல்லி அனுப்புவார்கள்.

கார்த்திகைக்கும் மாசிக்கும் இடையில் ஒருமுறை கோடியக்கரைக்கு வாருங்கள். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. வெளிமான்கள் மேயும் புல்வெளியையும் வலசை வரும் பூநாரைகளையும் பார்க்கலாம். வனத்துறைச் சோதனைச்சாவடியில் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் வழியில் மட்டும் நடக்க வேண்டும். இராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான் இந்தக் காட்டில் உயரமான இடம். முழங்கால் வலியோடும் ஏறிவிடலாம்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். மணல் நடையைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்கிறார். மெதுவாக நடப்பவர் முன்னே போகும் ஏற்பாட்டுக்கும் இசைந்துவிட்டார். வரும் ஞாயிறு திருவையாற்றிலிருந்து கண்டியூர் வரை நடக்கிறோம். திருச்சோற்றுத்துறைக்கும் திருவேதிகுடிக்கும் இடையே குடிநீர் கிடைக்குமா, அல்லது சுமந்துகொண்டுதான் வர வேண்டுமா என்பதை மட்டும் திருவையாற்று ஐயா தெரிவித்தால் உதவியாக இருக்கும்.