டாஃப்ட் பங்க்: ஹ்யூமன் ஆஃப்டர் ஆல் நிஜமாவே மொக்கை ஆல்பமா?

மொட்டமாடி டிஜே:
2021 பிப்ரவரில டாஃப்ட் பங்க்ங்கற இந்த பிரெஞ்சு எலக்ட்ரானிக் மியூசிக் ஜோடி பிரிஞ்சதுல இருந்து ஆளாளுக்கு இவங்க ஆல்பங்களுக்கு டாப் லிஸ்ட் போடறாங்க, எல்லா லிஸ்ட்லயும் 2005ல வந்த ஹ்யூமன் ஆஃப்டர் ஆல் தான் கடைசி. என்னைக் கேட்டா அவங்க பண்ணதுலயே தில்லான வேலை அதான். அதுக்கு முந்தின ஆல்பம் டிஸ்கவரி அவ்ளோ பெரிய ஹிட்டு, அதே ஃபார்முலால இன்னொன்னு போட்டு காசு பாத்திருக்கலாம், பண்ணல.

இசைப்பித்தன்:
தில்லும் இல்ல ஒண்ணும் இல்ல. டிஸ்கவரிக்கு வருஷக்கணக்கா உழைச்சவங்க இத ஆறே வாரத்துல முடிச்சாங்க, கேட்டாலே தெரியுது. இந்த ஆல்பத்துல வர்ற ரோபோ ராக் பாட்ட எடுத்துக்க, 1980ல ப்ரேக்வாட்டர்ங்கற ஃபங்க் பேண்ட் போட்ட பாட்டோட ரிஃப்ப, அதாவது திரும்பத் திரும்ப வர்ற அந்த ட்யூன் துண்ட, அப்படியே தூக்கி நாலரை நிமிஷம் ஓட்டிருக்காங்க. டிஸ்கவரில வர்ற டிஜிட்டல் லவ்லயும் ஜார்ஜ் டியூக்ங்கறவரோட பழைய பாட்டுல இருந்து எடுத்த பிட்டு தான், ஆனா அதுக்கு மேல புதுசா ஒரு பாட்டயே கட்டி, கடைசில அந்த சோலோ வேற வச்சாங்கல்ல?

மொட்டமாடி டிஜே:
அவங்க முதல் ஆல்பம் ஹோம்வொர்க்ல வர்ற அரவுண்ட் த வேர்ல்ட் ஏழு நிமிஷமும் ஒரே வரி தான தல, அது மட்டும் எப்படி கிளாசிக்?

இசைப்பித்தன்:
வரி தான் ஒண்ணு. கீழ பேஸ்லைன் மாறிட்டே இருக்கும், ஒவ்வொரு சவுண்டா உள்ள வரும், போகும். ஹெட்ஃபோன் போட்டு பேஸ மட்டும் ஃபாலோ பண்ணிப் பாரு.

நிலா ரசிகை:
ரெண்டு பேரும் அவங்க லைவ் ஆல்பம் அலைவ் 2007 பத்தி பேசவே இல்லயே. 2006ல அமெரிக்காவோட கோச்செல்லா மியூசிக் ஃபெஸ்டிவல்ல அந்த லைட் பிரமிட்டுக்குள்ள நின்னு வாசிச்சாங்கல்ல, அந்த செட்டோட முதுகெலும்பே இந்த மொக்கை ஆல்பம் தான். இதுல வர்ற டெலிவிஷன் ரூல்ஸ் த நேஷன தனியா கேட்டா எனக்கும் போர், அதையே டிஸ்கவரி பாட்டு கிரெசென்டால்ஸோட கலந்து பாரிஸ்ல பெர்சி அரங்கத்துல போட்டப்ப கூட்டம் கத்துற கத்து ரெக்கார்டிங்லயே கேக்குது. அந்த லைவ் ஆல்பத்துக்கு 2009ல கிராமி வேற.

இசைப்பித்தன்:
அதத்தான் நானும் சொல்றேன் மேடம், இன்னொரு ஆல்பத்துல இருந்து கடன் வாங்கினா தான் நிக்குது. அவங்களுக்கே ஒரே துண்ட திரும்பத் திரும்ப ஓட்டற லூப் சலிச்சுப் போயி தான் கடைசி ஆல்பம் ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ்க்கு நைல் ராட்ஜர்ஸ் கிட்டார், ஒமர் ஹக்கீம் ட்ரம்ஸ்னு மனுஷங்கள உக்கார வச்சு வாசிக்க வச்சாங்க. 2014ல அதுக்கு ஆல்பம் ஆஃப் த இயர் கிராமி சும்மாவா கிடைச்சுது?

மொட்டமாடி டிஜே:
கிராமி குடுத்துட்டா முடிஞ்சுதா? ஜோடில ஒருத்தரான தாமஸோட அப்பா டேனியல் வாங்கார்டே டிஸ்கோ பாட்டு போட்டவரு, புள்ள அப்பா காலத்து சவுண்ட காஸ்ட்லி ஸ்டூடியோல திரும்பப் பண்ணிருக்காரு, அவ்ளோதான். நல்லா இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா வீட்டு பெட்ரூம்ல ஹோம்வொர்க் ஆல்பம் பண்ண ஆளுங்களோட முரட்டுத்தனம் அதுல எங்க இருக்கு? ஹ்யூமன் ஆஃப்டர் ஆல்ல இருக்கு.

இசைப்பித்தன்:
2023ல அதே ராண்டம் ஆக்சஸ் மெமரீஸ ட்ரம்ஸ் இல்லாம விட்டாங்க, அப்பவும் பாட்டு பாட்டா நிக்குது. ரோபோ ராக்ல ரிஃப்ப எடுத்துட்டா என்ன மிஞ்சும் சொல்லு?

மொட்டமாடி டிஜே:
ட்ரம்ஸ் மிஞ்சும். ஆட அது போதும் எனக்கு.