இன்ஸ்டாவில் நாலாயிரம் பேர் இருக்காங்க, ஆர்டர்தான் வரமாட்டேங்குது (சுங்குடிச் சேலை)

சின்னாளபட்டிக்காரன் கேட்டது:

வணக்கம். சின்னாளபட்டியில் சுங்குடி தயாரிப்பு. கைமுடிச்சு (துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவது) ஒரு பங்கு, மீதி மெழுகு அச்சும் ஸ்கிரீன் பிரிண்டும். சரக்கு இதுவரை மதுரை, திண்டுக்கல் கடைகளுக்கு மொத்தமாகத்தான் போகிறது. நேரடியாகவும் விற்கலாம் என்று இன்ஸ்டாகிராம் பக்கம் ஆரம்பித்து ஃபாலோயர் நாலாயிரத்தைத் தாண்டியாச்சு. விலை 650-லிருந்து 1,800 வரை.

ரீல் போட்டால் 'விலை?', 'ப்ரைஸ் ப்ளீஸ்' என்று கமெண்ட் நிறைய வருது. 'டிஎம் வாங்க' (தனிச்செய்தியில் கேளுங்கள்) என்று பதில் போடுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் விலை சொன்னதும் போய்விடுகிறார்கள், மீதிப் பேர் பத்துப் படம் கேட்டுவிட்டு எதுவும் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தால் இரண்டு நாளில் வெளியே போகிறார்கள். வாங்கினவர்களிலும் 'படத்துல பார்த்த கலர் இல்லை' என்று புகார்.

கேள்வி இதுதான்: விளம்பரத்துக்குப் பணம் போட்டு பூஸ்ட் பண்ணலாமா? வாட்ஸ்அப்பை எப்படி ஒழுங்குபடுத்துவது? பெங்களூரிலிருந்தும் கேட்கிறார்கள், ஜிஎஸ்டி எடுக்கவில்லை, அனுப்பலாமா?

---

கல்லாப்பெட்டி:

பூஸ்ட் இப்போ வேண்டாம். உங்ககிட்ட ஆள் வராம இல்லை, வந்த ஆள் நிக்கலை. இன்னும் ஆளைக் கூட்டினா இன்னும் நிறைய பேர் போவாங்க, அவ்வளவுதான்.

முதல் வேலை, 'டிஎம் வாங்க'வை விடுங்க. விலையைக் கேப்ஷனோட முதல் வரியிலேயே போடுங்க: 'கைமுடிச்சு சுங்குடி, அரக்கு, கோடு எண் 214, ரூ.1,450, தமிழ்நாட்டுக்குள் கூரியர் சேர்த்து'. ரீல்ல படத்து மேலயும் விலை எழுதணும், கேப்ஷனைப் பிரிச்சுப் படிக்கிறவங்க குறைவு. விலையை மறைச்சா கமெண்ட் கூடும்னு சிலர் சொல்லுவாங்க. கூடத்தான் செய்யும். ஆனா அந்தக் கமெண்ட் ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து பதில் எழுதறது யாரு? 600 ரூபாய் மனசுல வெச்சிருக்கவங்க 1,450-ஐப் பார்த்து அங்கேயே நகர்ந்துட்டா உங்களுக்கு நல்லதுதான்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ் செயலி. இலவசம்தான். பேங்க் கணக்கோட சேர்ந்த நம்பரை இதுக்குக் கொடுக்காதீங்க, தனி சிம் போடுங்க, அதுக்கு ரீசார்ஜ் விடாம பண்ணுங்க. விட்டா நம்பர் வேற ஆளுக்குப் போயிரும், வாடிக்கையாளர் உங்களைத் தேடி வர்ற வழியும் போயிரும். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல 6 இலக்க பின் முதல் நாளே வெச்சிருங்க.

அந்தச் செயலியில இருக்கிற கேட்லாக்ல (பொருள் பட்டியல்) 500 பொருள் வரைக்கும் ஏத்தலாம், ஒவ்வொண்ணுக்கும் 10 படம் வரைக்கும் போடலாம். கைமுடிச்சு ஒரே சேலைதான் இருக்கும்கிறதால ஒவ்வொண்ணுக்கும் தனி கோடு எண் வேணும். அந்த எண்ணைத் துண்டுச்சீட்டுல எழுதி சேலை மடிப்புலயே குத்திருங்க. வித்ததும் கேட்லாக்ல 'ஹைட்' பண்ணணும். இதை மறந்தா ஒரே சேலைக்கு ரெண்டு பேர் பணம் போடுவாங்க, பணத்தைத் திருப்பி வாங்கினவர் மறுபடி உங்ககிட்ட வரவே மாட்டார். யாராவது 'எடுத்து வைங்க'ன்னா ரெண்டு மணி நேரம்னு சொல்லிட்டு, அதுக்கு மேல அடுத்தவருக்குக் கொடுத்துடலாம். இதையும் முதல்லயே எழுதி வெச்சிருங்க.

அரட்டைகளைப் பிரிச்சு வைக்க லேபிள் 20 வரைக்கும் வெச்சுக்கலாம். புது ஆர்டர், பணம் வரணும், பணம் வந்துச்சு, அனுப்பியாச்சு, இந்த நாலு போதும். தினமும் சாயங்காலம் 'பணம் வரணும்' லேபிளைத் திறந்து ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, ரெண்டாவது தடவை வேண்டாம்.

குயிக் ரிப்ளைல ஆறு பதில் எழுதி வைங்க: சேலை நீளம், ப்ளவுஸ் பிட் சேர்த்து எவ்வளவு, முதல் துவைப்பு எப்படி, கூரியர் எத்தனை நாள், பணம் கட்டுற விவரம், திருப்பி எடுக்கிற நிபந்தனை. '/' அடிச்சா அந்தப் பட்டியல் வரும். க்ரீட்டிங் மெசேஜ் புதுசா எழுதறவங்களுக்கும், 14 நாள் பேச்சே இல்லாம மறுபடி வர்றவங்களுக்கும் தானா போகும். அதுல வணக்கம் சொல்லி நாலு வரி எழுதாம, 'கேட்லாக் பார்த்து கோடு எண் அனுப்புங்க, காலை 10 முதல் இரவு 7 வரை பதில் வரும்'னு முடிச்சிருங்க.

---

நூலும்_ஊசியும்:

குரூப்பில் ஏன் நிற்கவில்லை என்றால், குரூப்பில் எல்லாருக்கும் எல்லாருடைய நம்பரும் தெரியும். பெண்கள் அதிகம் வாங்கும் பொருளுக்கு அதுவே போதும் வெளியேற. இன்னொரு ஆபத்து, போட்டிக் கடைக்காரர் ஒருவர் உள்ளே வந்தால் உங்கள் பட்டியல் முழுவதும் அவர் கையில். குரூப்பைக் கலைத்துவிட்டு பிராட்காஸ்ட் பட்டியலுக்கு (ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும்) மாறுங்கள்.

பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர். உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். அனுப்பியதாகக் காட்டும், ஒற்றை டிக்கோடு நிற்கும். பலர் 'யாருமே பதில் போடவில்லை' என்று நொந்துகொள்வதற்கு இதுதான் காரணம். ஆகவே பார்சலுக்குள் ஒரு சீட்டு, கியூஆர் குறியீட்டோடு: 'புது டிசைன் முதலில் உங்களுக்கு வர, இந்த எண்ணைச் சேமித்து ஒரு வணக்கம் அனுப்புங்கள்.' நீங்களும் அவர் எண்ணைச் சேமியுங்கள். இரண்டு பக்கமும் சேமித்திருந்தால்தான் உங்கள் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் நிற்கும், ஆனால் யாரையும் தொந்தரவு செய்யாது. தினசரி வரவை ஸ்டேட்டஸிலும், வாரம் ஒரு முறை நல்ல எட்டுச் சேலையை பிராட்காஸ்டிலும் போடுங்கள். தினமும் பிராட்காஸ்ட் போனால் பிளாக் செய்வார்கள், ரிப்போர்ட் அடிப்பார்கள், அது சேரச் சேர நம்பரையே முடக்கிவிடுவார்கள். 'ஒரே கிளிக்கில் பத்தாயிரம் பேருக்கு' என்று யாராவது சாஃப்ட்வேர் விற்க வந்தால், அதிகாரப்பூர்வமல்லாத செயலிகள் வழியே போகும் அந்த வேலையும் தடையில்தான் முடியும்.

வாட்ஸ்அப் சேனலைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். நம்பர் தெரியாது என்பது நல்லது. ஆனால் அங்கிருந்து நேராகப் பதில் எழுதி வாங்க முடியாது, தனியாக உங்கள் அரட்டைக்கு வர வேண்டும். உங்கள் அளவுக்கு இப்போது தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று. மதுரைக் கடைக்காரர்களும் உங்கள் பக்கத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் 1,300-க்கு விற்கும் அதே டிசைனை நீங்கள் 950 என்று போட்டால் மொத்த வியாபாரம் கையை விட்டுப் போகும். கடைக்குப் போகும் டிசைனை நேரடி விற்பனையில் போடாதீர்கள், போட்டால் கடை விலைக்கே போடுங்கள். நேரடியில் கைமுடிச்சையும், கடைகள் எடுக்கத் தயங்கும் நிறச் சேர்க்கைகளையும் வையுங்கள்.

---

நிழற்படம்_நாகு:

கலர் புகாருக்கு மட்டும் பதில்.

ட்யூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தா போன் கேமரா குழம்பிடும், பாதிச் சேலை நீலம் அடிக்கும், பாதி மஞ்சள் அடிக்கும். லைட்டை எல்லாம் அணைச்சிட்டு, நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் அல்லது நிழலான தாழ்வாரத்துல, காலை 10-லிருந்து மதியம் 3-க்குள்ள எடுங்க. பின்னாடி வெள்ளை அல்லது மங்கின சாம்பல் சுவர் இருக்கட்டும். பச்சைச் சுவர் முன்னாடி எடுத்தா வெள்ளைப் புள்ளி எல்லாம் பச்சை ஏறிடும். சுங்குடியில புள்ளி வெள்ளையா தெரியலைன்னா வேற எதுவும் சரியா தெரியாது, அதையே அளவுகோலா வெச்சுக்கலாம்.

போன் திரையில தெரியற சேலை மேல விரலை அழுத்திப் பிடிச்சா வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கும், அப்புறம் வெளிச்ச அளவைக் கொஞ்சம் கீழே இறக்குங்க. சிவப்பும் அரக்கும் அதிக வெளிச்சத்துல தட்டையா வெளுத்துப் போகும். கத்திரிப்பூ ஊதாதான் ரொம்பப் படுத்தும், பல போன்ல நீலமாவே விழும். அந்த நிறத்துக்கு மட்டும் படத்தோட, 'நேரில் இதைவிட ஊதா அதிகம்'னு எழுதியே ஆகணும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

நிறத்துக்குப் பேர் வைக்கும்போது 'டார்க் பிங்க்', 'லைட் க்ரீன்'னு போடாதீங்க. அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, எம்எஸ் ப்ளூ, இதெல்லாம் வாங்குறவங்க மனசுல ஏற்கெனவே இருக்கிற நிறம்.

ஒரு சேலைக்கு அஞ்சு படம் போதும்: முழு விரிப்பு, முந்தி, பார்டர் கிட்டத்துல, பின்பக்கம், கையில பிடிச்சு வெளிச்சத்துக்கு எதிரே (துணி எவ்வளவு மெல்லிசுன்னு தெரிய). கைமுடிச்சா பிரிண்டா என்பதைத் தெளிவா எழுதுங்க. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்தாச்சு. பிரிண்டைக் கைமுடிச்சுன்னு சொல்லி ஒருத்தர் கண்டுபிடிச்சு கமெண்ட்ல எழுதினா மொத்தப் பக்கமும் போச்சு. கைமுடிச்சுல புள்ளி ஒரே அளவா இருக்காது, முடிச்சு இருந்த இடம் லேசாச் சுருங்கியிருக்கும். அதைக் கிட்டத்துல காட்டுனா அதுவே சாட்சி.

ரீலுக்கு உங்ககிட்ட யார்கிட்டயும் இல்லாத காட்சி ஒண்ணு இருக்கு. சாயம் காஞ்ச துணியை ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுக்க, முடிச்செல்லாம் படபடன்னு தெறிச்சு வெள்ளைப் புள்ளி விரியறது. போனை நிமிர்த்திப் பிடிச்சு 15-லிருந்து 20 விநாடி, சினிமாப் பாட்டு இல்லாம அந்தச் சத்தத்தோடயே போடுங்க. பிசினஸ் கணக்குல பல பாட்டு கிடைக்காது, கிடைக்காததை வெளியில இருந்து ஒட்டினா ரீலை மியூட் பண்ணிடுவாங்க. முதல் ரெண்டு விநாடியிலேயே முடிச்சு அவிழணும், 'வணக்கம் நண்பர்களே' எல்லாம் வேண்டாம்.

---

பேரேடு:

பெங்களூர் கேள்விக்கு. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. கடைகளுக்குப் போகும் மொத்த விற்பனையும் அந்த 40 லட்சத்தில் சேரும், மறக்காதீர்கள். வெளிமாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை அனுப்பினால் அந்த வரம்பு செல்லாது, முதல் சேலைக்கே பதிவு வேண்டும். காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வணிகருக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருப்பவர் வெளிமாநிலத்துக்கு அனுப்பவே கூடாது.

கைவினைப் பொருள்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பெரும்பாலும் கையால் செய்ததாகவும் அரசு அறிவித்த பட்டியலில் உள்ளதாகவும் இருக்க வேண்டும், பான் எண் வேண்டும், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும். உங்கள் ஸ்கிரீன் பிரிண்ட் சரக்கு இதில் வர வாய்ப்பில்லை. கைமுடிச்சு வருமா என்பது துணி கைத்தறியா விசைத்தறியா என்பதையும் பொறுத்தது. நூல், துணி வாங்கிய பில்லோடு ஆடிட்டரைப் பாருங்கள். வெளிமாநில ஆர்டர் தொடர்ந்து வரும் என்றால் பதிவு எடுத்துவிடுவதே தலைவலி குறைவு.

பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் செய்து தரவே செயலிகள் இருக்கின்றன. பேங்க் கணக்கில் தொகை ஏறியதா என்று பார்த்து, 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணை ஆர்டர் நோட்டில் எழுதிய பிறகுதான் பார்சல் கட்ட வேண்டும். பணம் *வாங்க* யுபிஐ பின் எண் போட வேண்டியதே இல்லை. 'தவறுதலா அதிகமா அனுப்பிட்டேன், இந்த லிங்க்ல திருப்பி அனுப்புங்க' என்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

---

சின்னாளபட்டிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. கேஷ் ஆன் டெலிவரி கொடுத்தால் ஆர்டர் கூடும் என்கிறார்களே? இதெல்லாம் சரி பண்ணின பிறகு விளம்பரத்துக்கு எவ்வளவு போடலாம்?

---

கல்லாப்பெட்டி:

சிஓடி வேண்டாங்க. வாங்காம திரும்பி வந்தா போக வர ரெண்டு கூரியர் செலவும் உங்க தலையில. அதுக்குப் பதிலா முன்பணம் 200 வாங்கிட்டு, சேலையைப் பார்சல்ல வைக்கிற வீடியோ அனுப்பிட்டு மீதியை வாங்கலாம். கூரியர்ல பல இடத்துல 500 கிராமுக்கு ஒரு கட்டணம், அதைத் தாண்டினா அடுத்தது. அட்டைப்பெட்டியில போட்டா 450 கிராம் சேலை தாண்டிரும், தண்ணி புகாத கூரியர் கவர்ல போட்டா தாண்டாது. பெட்டி பெருசா இருந்தா எடையை விட்டுட்டு நீளம் × அகலம் × உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல் வகுத்துக் கணக்குப் போடுற கூரியர்களும் உண்டு.

சேதம், மாறிப்போச்சுங்கிற புகாருக்கு, பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேணும்னு குயிக் ரிப்ளைலயும் பார்சல் சீட்டுலயும் எழுதுங்க. சாயம் முதல் துவைப்புல கொஞ்சம் போகும்கிறதையும் விக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க: உப்பு கலந்த பச்சைத் தண்ணியில தனியா அலசணும், நிழல்ல காயப்போடணும்.

விளம்பரத்துக்கு, பூஸ்ட் பட்டனைத் தொடாம ஆட்ஸ் மேனேஜர்ல (இன்ஸ்டா விளம்பரத்தை அமைக்கிற தளம்) போங்க. 'வாட்ஸ்அப்புக்கு வரவைக்கும்' வகையைத் தேர்ந்தெடுங்க. ஏற்கெனவே நல்லா ஓடின ரீல் ஒண்ணு, நாளைக்கு 200 ரூபாய், அஞ்சு நாள். மேல 18% ஜிஎஸ்டி வரும், ஆயிரம்னா 1,180. ஊர் சென்னை, கோவை, திருச்சி மட்டும். பெங்களூர், ஜிஎஸ்டி பதிவு வந்தப்புறம்.

அறிக்கையில 'ஒரு உரையாடலுக்கு இவ்வளவு'ன்னு காட்டும், அதைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒரு கணக்குக்கு 1,180 ரூபாய்க்கு 60 பேர் வந்து 5 பேர் வாங்கினா, ஒரு சேலைக்கு 236 ரூபாய் விளம்பரச் செலவு. 650 ரூபாய் பிரிண்ட் சேலையில அவ்வளவு லாபமே நிக்காது, 1,450 கைமுடிச்சுல நிக்கலாம். அதனால விளம்பரம் கைமுடிச்சுக்கு மட்டும். விளம்பரத்துல வந்தவங்களுக்குத் தனி லேபிள் போட்டு எண்ணுங்க, இல்லாட்டி யார் எங்கிருந்து வந்தாங்கன்னே தெரியாது.

தீபாவளிக்கு முன்னாடி பணம் போடாதீங்க. அப்போ எல்லாப் பட்டுக்கடையும் விளம்பரத்துல இறங்கி ரேட் ஏறிரும், வாங்குறவங்களும் பட்டுதான் தேடுவாங்க. சுங்குடிக்கு மாசிக் கடைசியில ஆரம்பிச்சு சித்திரைத் திருவிழா முடியற வரைக்கும்தான் காலம். தை மாசத்துக்குள்ள கேட்லாக்ல நூறு கைமுடிச்சாவது படத்தோட ஏறியிருக்கட்டும்.