வீட்டில் கட்டும் சிஎன்சி ரூட்டர்: இசட் அச்சுக்கு எவ்வளவு ஓட்டம் வைத்தீர்கள்?

கோவை உறுப்பினர்:

வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் நானே கட்டிய ரூட்டருக்கு (கணினி காட்டும் பாதையில் சுழலும் பிட்டை, அதாவது வெட்டுமுனையை, நகர்த்திச் செதுக்கும் இயந்திரம்) இசட் ஓட்டத்தை, அதாவது பிட் மேலும் கீழும் நகரும் தூரத்தை, 200 மி.மீ. என்று வைத்தேன். உயரமான வேலை என்றைக்காவது வந்தால் உதவட்டும் என்ற எண்ணத்தைத் தவிர அதற்கு வேறு கணக்கு இல்லை. மேசைக்குக் குறுக்கே பாலம்போல் நிற்கும் கேன்ட்ரியும் அதற்கேற்ப உயர்ந்தது. தேக்குக் கதவில் முதல் பூ வேலையைச் செதுக்கியபோது, இதழ்களின் சரிவில் நகம் தட்டுப்படும் அளவுக்கு வரிவரியாக அதிர்வுத் தடம் விழுந்தது. வேகத்தைக் குறைத்தும் எண்ட் மில் என்ற அந்த பிட்டை மாற்றியும் அது போகவில்லை.

பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் அடிமுனையில், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜை வைத்து, வில் தராசால் 10 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் இழுத்துப் பார்த்தேன். ஸ்பிண்டில் மேலே இருக்கையில் 0.05 மி.மீ. காட்டிய முள், மேசை வரை இறக்கியபின் 0.3 மி.மீ. காட்டியது. ரெயில்களைத் தாங்கி வழுக்கவிடும் பியரிங் பிளாக்குகள், கேன்ட்ரியின்மேல் நகரும் கேரேஜில் நிற்க, ரெயில்களோடு ஸ்பிண்டில் தகடு இறங்கும் அமைப்பு என்னுடையது. ஆகவே இறங்க இறங்க, கீழ் பிளாக்குக்கு அடியில் தகடு நீண்டு தொங்குகிறது. ஒரு முனையில் மட்டும் பிடித்த சட்டத்தின் நீளம் இரு மடங்கானால், அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். எஃகுச் சட்டம் கொடுத்து மேசையை 90 மி.மீ. உயர்த்தினேன், அதே இழுப்புக்கு முள் 0.08 மி.மீட்டரில் நின்றது.

இப்போது கட்டும் இரண்டாவது இயந்திரத்துக்கு வேலையிலிருந்து தொடங்கிக் கணக்கிட்டேன். மரத்தின் தடிமன் 50, அதற்கு மேல் மரத்தை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் 20, தாண்டிச் செல்ல இடைவெளி 5, மேசைப் பலகைக்குள் இறங்க 2: மொத்தம் 77 மி.மீ. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிட்டைக் கவ்வும் கோலெட்டிலிருந்து 25 மி.மீ. மட்டும் நீளும் குட்டை பிட்டும் மேசையைத் தொட வேண்டும், 60 மி.மீ. நீளும் பிட்டும் கிளாம்பைத் தாண்ட வேண்டும். அந்த 35 மி.மீ. வேறுபாட்டையும் சேர்த்தால் 112 வருகிறது. 120 என்று முடிவு செய்தேன்.

ஓசூர் உறுப்பினர்:

ஐயா, தாங்கள் கூறும் தொங்கலுக்கு அஞ்சியே நான் எதிர்த்திசையில் தவறினேன். அலுமினியம் வெட்டுவதற்காக ஓட்டத்தை 80 மி.மீட்டராகவும், கேன்ட்ரிக்கு அடியில் இடைவெளியை 70 மி.மீட்டராகவும் சுருக்கினேன். தகடு வெட்டுகையில் இயந்திரம் அசையவே இல்லை. ஆனால் 60 மி.மீ. உயர வைஸில் (தாடைகளால் இறுக்கும் பிடிகருவி) அதற்கு மேல் 25 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கக் கட்டையைப் பிடித்த அன்று, கேன்ட்ரியே அதில் இடித்து நின்றது. துளையிடும் பிட்டை நுழைப்பதற்கு இடம் எங்கே இருக்கும்? கேன்ட்ரியை உயர்த்த மனம் வரவில்லை. மாறாக, மேசையின் முன்பகுதியை வெட்டித் திறந்து, 80 மி.மீ. கீழே தடித்த தகடு ஒன்றைப் பொருத்தி, வைஸை அதன்மேல் இறக்கினேன். கட்டையின் மேல்முகம் இப்போது மேசை மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்பதால், ஸ்பிண்டில் தொங்காமலே வேலை முடிகிறது.