புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லை – அவசர உதவி தேவை

பழையவண்டி: என்னுடைய பழைய வண்டியில் நேற்று முதல் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி போன மாதம்தான் மாற்றியது. பிளக்கையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். நாளை அதிகாலையில் வெளியூர் கிளம்ப வேண்டும். காரணம் தெரிந்தவர்கள் உடனே சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மின்கம்பி: நண்பரே, செல்ஃப் எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னால் எங்கிருந்து தொடங்குவது? பட்டனை அழுத்தும்போது ஓசையே இல்லையா, 'டக்' என்று ஒருமுறை மட்டும் கேட்கிறதா, 'டகடக'வென்று தொடர்ந்து அடிக்கிறதா, அல்லது மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி என்ஜின் அசையாமல் நிற்கிறதா? கிக்கரில் எடுக்கிறதா? அழுத்தும்போது ஹெட்லைட் மங்குகிறதா?

பட்டறைமாணவன்: பழைய வண்டி என்றால் பெரும்பாலும் செல்ஃப் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஒருவர் பட்டனை அழுத்தும்போது இன்னொருவர் மோட்டாரின் உடலில் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டட்டும். அப்போது சுற்றினால் மோட்டாரைக் கழற்றி, பிரஷ்ஷையும் அது உரசும் செம்புப் பட்டைகளையும் பாருங்கள்.

மூத்ததிருகி: பிளக்குக்கும் செல்ஃப் மோட்டார் சுற்றுவதற்கும் தொடர்பே இல்லை என்பது வண்டியில் கை வைக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டிய அரிச்சுவடி. இது ரிலே கோளாறு; பட்டனை அழுத்தியதும் பேட்டரியை மோட்டாரோடு இணைத்துவிடும் சுவிட்ச் அதுதான். ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்குரூடிரைவரால் இணையுங்கள்; மோட்டார் சுற்றினால் ரிலேயை மாற்றுங்கள். இதற்கு இத்தனை கேள்விகள் தேவையில்லை.

மின்கம்பி: ஐயா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் புதியவருக்கு இந்த வழியைச் சொல்லாதீர்கள். அப்படி இணைக்கும்போது கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் எதுவும் குறுக்கே நிற்காது. கியரில் இருந்தால் வண்டி பாய்ந்துவிடும். கார்புரேட்டரில் சிறு கசிவு இருந்தாலும் அந்தத் தீப்பொறி போதும்.

மூத்ததிருகி: நியூட்ரலில் போட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதையும் நான் எழுதிக் காட்ட வேண்டுமா? மீட்டர் இல்லாத காலத்திலிருந்து இப்படித்தான் பார்த்துவருகிறோம்.

வோல்ட்அளவன்: இன்று மீட்டர் எளிதில் கிடைக்கும்போது தீப்பொறி எதற்கு என்பதே என் கருத்தும். இழையைத் தொடங்கியவர் முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லட்டும்.

பழையவண்டி: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 'டக்' என்று ஒரே ஓசைதான். கிக்கரில் முதல் உதையிலேயே எடுக்கிறது. விளக்கு மங்கவில்லை. மல்டிமீட்டர் இருக்கிறது.

வோல்ட்அளவன்: விளக்கு மங்காததுதான் முக்கியமான தடயம். மோட்டார் இறுகியிருந்தால் பெரும் மின்னோட்டம் இழுத்து விளக்கை மங்கவைத்திருக்கும். இங்கே மின்னோட்டம் போய்ச் சேரவே இல்லை. ரிலேயின் உள்முனை கரிந்திருக்கலாம், பிரஷ் தொடாமல் இருக்கலாம், கேபிளோ, என்ஜினைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைக்கும் எர்த்தோ விட்டிருக்கலாம். எதையும் கழற்றாமல், நியூட்ரலில் வைத்து, பட்டனை அழுத்தியபடியே மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையில் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. ரிலேயின் இரு தடித்த முனைகளுக்கு இடையிலும், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜினின் வெற்று உலோகத்துக்கும் இடையிலும் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பட்டனை விட்டுவிட்டால் ரிலேயின் இரு முனைகளுக்கு இடையில் முழு 12 வோல்ட் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பழையவண்டி: பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6, அழுத்தும்போது 12.3. ரிலேயில் 0.1. நெகட்டிவ் முனைக்கும் என்ஜினுக்கும் இடையில் 7 வோல்ட் காட்டுகிறது. இது சரியா? இரண்டு மாதத்துக்கு முன் என்ஜினை இறக்கிப் பெயிண்ட் அடித்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பிருக்காது என்று நினைத்துச் சொல்லவில்லை.

மின்கம்பி: அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். எர்த் கேபிளின் வளையத்தைப் பெயிண்ட்டின் மேலேயே வைத்து போல்ட்டை முடுக்கியிருக்கிறார்கள். மரையின் வழியாக இத்தனை நாள் ஓரளவு பாய்ந்திருக்கும். அங்கே துரு ஏறியதும் அந்த வழியும் அடைந்துவிட்டது. பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, வளையம் உட்காரும் இடத்தை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். வளையத்தின் இரு பக்கத்தையும் அவ்வாறே தேயுங்கள். இறுக்கிய பிறகு மேலே சிறிது வாஸ்லின் தடவினால் ஈரம் ஏறாது.

மூத்ததிருகி: வாஸ்லினை இறுக்குவதற்கு முன்பே மெலிதாகத் தடவுவதுதான் முறை.

வோல்ட்அளவன்: நன்றாக இறுக்கினால் உலோகமும் உலோகமும் ஒட்டிக்கொண்டு இடையிலுள்ளது பிதுங்கி வெளியேறிவிடும் என்பதால் இரண்டு முறையும் வேலை செய்யும். ஆனால் தேய்க்காமல் தடவினால் எந்தப் பயனும் இல்லை.

பழையவண்டி: தேய்த்து இறுக்கினேன். இப்போது 0.15. முதல் அழுத்திலேயே எடுத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறேன்.

பட்டறைமாணவன்: மகிழ்ச்சி. இருந்தாலும் நேரம் கிடைக்கும்போது பிரஷ்ஷையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மின்கம்பி: கிளம்பும் முன் இன்னொன்று: என்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரைச் சற்று முறுக்கிவைத்து, பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் காட்டுகிறதா என்று பாருங்கள். எர்த் சரியில்லாமல் ஓடிய வண்டி என்பதால் சார்ஜ் ஒழுங்காக ஏறியதா என்பது ஐயமே. பார்த்த அளவை இங்கே எழுதுங்கள்.